தொடர்பு அறுபடாமல் காக்கும் அமைப்புகள்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்துப் புரிந்து கொள்க.

2006ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் மூன்றாம் வாரம். ஜொகூர் மாநிலத்தில் மழை விடாமல் பெய்தது. ஜொகூர் ஆறு கரைபுரண்டு கோத்தா திங்கி நகருக்குள் புகுந்தது. சிகாமட், குளுவாங், பத்து பகாட், மூவார் ஆகிய மாவட்டங்களிலும் பல ஊர்கள் நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்து, மக்கள் வீடுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோதே, 2007ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் இரண்டாம் வாரத்தில் மீண்டும் வெள்ளம் வந்தது. அம்முறை மாநிலத்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலும் ஜொகூர் மக்கள் இத்தகைய துயரை அனுபவித்தனர். பத்து பகாட் மாவட்டத்தின் சில இடங்களில் நீர் வடியப் பல வாரங்கள் ஆயின.

வெள்ளத்தில் சிக்கிய குடும்பத்திற்கு முதலில் தேவைப்படுவது எது? படகு என்று நாம் சொல்லக்கூடும். ஆனால், படகை அழைப்பதற்கு முதலில் ஓர் அழைப்பு போய்ச் சேர வேண்டும். 999 என்ற எண்ணை அழுத்தும்போது கைப்பேசியில் அலைவரிசை இருக்க வேண்டும்.

அந்த அலைவரிசையைத் தருவது அருகிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரம். கோபுரத்திற்கு மின்சாரம் தேவை. வெள்ளம் துணை மின்நிலையத்தைச் சூழ்ந்தால், உயிர்ச்சேதத்தைத் தவிர்ப்பதற்காக மின்சாரம் துண்டிக்கப்படும். அதன் பிறகு கோபுரம் தன்னிடமுள்ள மின்கலங்களின் உதவியோடு சில மணி நேரம் மட்டுமே இயங்கும். அதற்குள் யாராவது ஜெனரேட்டரைக் கொண்டு சேர்க்க வேண்டும்.

ஒரே இரவில் பல கோபுரங்களுக்கு மின்சாரம் நின்றுபோனால் என்ன செய்வது? எந்தக் கோபுரத்தின் மின்கலம் முதலில் தீரும்? எந்தக் கோபுரம் மருத்துவமனைக்கும் துயர் துடைப்பு மையத்திற்கும் சேவை வழங்குகிறது? எந்தச் சாலை இன்னும் திறந்திருக்கிறது? எந்தக் குழு அருகில் இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்குத் தொலைத்தொடர்பு நிறுவனம் விரைவாக விடை காண வேண்டும். அதற்கு உதவும் கணினி அமைப்புகளே ‘செயற்பாட்டு ஆதரவு அமைப்புகள்’ எனப்படுகின்றன.

திரைக்குப் பின்னால் ஒரு நிர்வாகம்

ஒரு பள்ளியை எண்ணிப் பாருங்கள். கற்றல் கற்பித்தல் வகுப்பறையில்தான் நடைபெறுகிறது. ஆயினும், கால அட்டவணை, வருகைப் பதிவேடு, தளவாடப் பட்டியல் ஆகியவை இல்லாவிட்டால் அப்பள்ளி ஒரு வாரம்கூடச் சீராக இயங்காது. எந்த ஆசிரியர் எந்த வகுப்பில் இருக்கிறார், எந்த நாற்காலி உடைந்துள்ளது, எந்த மாணவர் வரவில்லை என்பதெல்லாம் யாருக்கும் தெரியாமல் போகும்.

தொலைத்தொடர்பு நிறுவனமும் இப்படித்தான். கோபுரங்கள், கண்ணாடியிழை வடங்கள், கடலடி வடங்கள், இணைப்புப் பெட்டிகள் ஆகியவை சேர்ந்த வலையமைப்பே செய்தியைக் கொண்டு செல்கிறது. அந்த வலையமைப்பைப் பதிவு செய்து, கண்காணித்து, பழுது பார்க்க வழிகாட்டுவது செயற்பாட்டு ஆதரவு அமைப்பு. வாடிக்கையாளர் இதை ஒருபோதும் பார்ப்பதில்லை. ஆனால், அது தவறு செய்தால் அதன் விளைவை முதலில் உணர்பவர் அவரே.

இந்த நிர்வாகப் பணியைப் பன்னாட்டுத் தரநிலைகள் ஐந்து பிரிவுகளாகப் பகுக்கின்றன. முதலாவது, பழுதைக் கண்டறிந்து சரிசெய்தல். இரண்டாவது, கருவிகளின் அமைவை நிர்ணயித்தல். மூன்றாவது, பயன்பாட்டைக் கணக்கிடுதல். நான்காவது, செயல்திறனை அளத்தல். ஐந்தாவது, பாதுகாப்பு.

இவற்றுள் ‘அமைவு’ என்பதை ஜொகூர் பாருவில் வசிப்போர் எளிதில் புரிந்துகொள்வர். நீரிணைக்கு அருகில் நிற்கும்போது, சில வேளைகளில் கைப்பேசி சிங்கப்பூர் நிறுவனத்தின் அலைவரிசைக்குத் தாவிவிடும். வானொலி அலைகளுக்கு நாட்டின் எல்லை தெரியாது. ஆகவே, ஒவ்வோர் அலைவாங்கியும் எத்திசையை நோக்க வேண்டும், எவ்வளவு வலிமையோடு ஒலிபரப்ப வேண்டும் என்பதைப் பொறியியலாளர் நுட்பமாக நிர்ணயிக்க வேண்டியுள்ளது. அந்த அளவுகள் அனைத்தும் பதிவில் இருந்தால்தான், நாளை ஒருவர் அவற்றை மாற்றும்போது எதை மாற்றுகிறோம் என்று அறிவார்.

‘செயல்திறன்’ என்பதற்கு ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு சேவை ஆண்டு முழுவதும் 99.9 விழுக்காடு இயங்குகிறது என்றால் நமக்கு அது மிக நல்ல சேவையாகத் தோன்றும். ஆனால், ஆண்டொன்றுக்கு 8,760 மணி நேரம். அதில் 0.1 விழுக்காடு என்பது ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம். அந்த நேரம் வெள்ள இரவில் அமைந்துவிட்டால் என்னாகும்? 99.999 விழுக்காடு என்றால் ஆண்டு முழுவதும் சேர்த்து ஐந்து நிமிடங்களுக்குச் சற்று அதிகமான தடையே இருக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரத்தைக் கடக்க நல்ல கருவிகள் மட்டும் போதா; நல்ல நிர்வாகமும் வேண்டும்.

அட்டையிலிருந்து கணினிக்கு

கோலாலம்பூரிலுள்ள தொலைத்தொடர்பு அருங்காட்சியகம், 1928ஆம் ஆண்டில் தொலைபேசி இணைப்பகமாகக் கட்டப்பட்ட கட்டடத்தில் அமைந்துள்ளது. அக்காலத் தொலைபேசி இணைப்பகங்களில் இணைப்பாளர்கள் வரிசையாக அமர்ந்து, அழைப்பவர் கேட்கும் எண்ணுக்குரிய துளையில் கம்பியைச் செருகி இருவரையும் பேசவைத்தனர். அன்றைய ஆதரவு அமைப்பு என்பது மனித நினைவும் அட்டைகளுமே. ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஓர் அட்டை இருக்கும். சந்தாதாரரின் பெயர், முகவரி, அவருக்குரிய கம்பி இணை ஆகியன அதில் எழுதப்பட்டிருக்கும். பழுது ஏற்பட்டால் அட்டையை எடுத்துப் பார்த்து, கம்பியைச் சோதித்து, பழுது பார்ப்பவரை அனுப்புவர்.

1946ஆம் ஆண்டில் மலாயாவில் தொலைத்தொடர்புத் துறை நிறுவப்பட்டது. 1962ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே, இணைப்பாளரின் உதவியின்றிச் சந்தாதாரரே நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. இணைப்பாளரின் கை விலகியது. இயந்திரத்தின் வேலை பெருகியது. சந்தாதாரர்களும் பெருகினர். அட்டைப் பெட்டிகளால் இனிச் சமாளிக்க முடியவில்லை.

உலகின் பிற பகுதிகளிலும் இதே சிக்கல் எழுந்தது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனக் குழுமம் 1970களில் இத்தகைய பணிகளைக் கணினிக்கு மாற்றத் தொடங்கியது. இன்று பல கணினிகளுக்கும் திறன்பேசிகளுக்கும் அடித்தளமாக விளங்கும் யூனிக்ஸ் வழிவந்த மென்பொருள்களை நாம் அறிவோம். அந்த யூனிக்ஸ் பெல் ஆய்வகத்தில்தான் பிறந்தது. தொடக்கக் காலத்தில் அதைப் பெரிதும் பயன்படுத்தியவற்றுள் தொலைபேசி நிர்வாகப் பணிகளும் அடங்கும்.

மலேசியாவில் அரசாங்கத் துறையாக இருந்த தொலைபேசிச் சேவை, 1987ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நிறுவனமாக மாற்றப்பட்டது. பின்னர்க் கைத்தொலைபேசி வந்தது, இணையம் வந்தது, அகண்ட அலைவரிசை வந்தது. பொதுவாக உலகெங்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், புதிய சேவை ஒன்று வரும்போதெல்லாம் அதற்கென ஒரு புதிய கணினி அமைப்பையும் வாங்கின. வீட்டுத் தொலைபேசிக்கு ஒன்று, கைத்தொலைபேசிக்கு ஒன்று, இணையத்திற்கு ஒன்று, கட்டணத்திற்கு மற்றொன்று என அவை தனித்தனித் தீவுகளாக வளர்ந்தன. ஒரே வாடிக்கையாளரின் முகவரி நான்கு அமைப்புகளில் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். வீடு மாறியதை அவர் ஒரு முறை தெரிவித்தால் ஓரிடத்தில் மட்டும் மாறும். எனவே, இவ்வமைப்புகளை மேம்படுத்துவது என்பது, முதலில் இந்தத் தீவுகளுக்கு இடையே பாலம் கட்டுவதாகவே அமைந்தது.

ஓர் இணைப்பு பிறக்கும் விதம்

2008ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், நாட்டில் அதிவேக அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை உருவாக்க மலேசிய அரசாங்கமும் டெலிகாம் மலேசியா நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 11.3 பில்லியன் ரிங்கிட் மதிப்புள்ள அத்திட்டத்தில் அரசாங்கத்தின் பங்கு 2.4 பில்லியன் ரிங்கிட். 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் யூனிஃபை என்னும் பெயரில் சேவை தொடங்கியது. செம்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடியிழை வீடு வரை வந்தது.

கண்ணாடியிழை வந்ததும் நிர்வாகமும் மாற வேண்டியிருந்தது. இணைப்பகத்திலிருந்து வரும் ஓர் இழை, பிரிப்பான் என்னும் சிறு கருவியின் வழியாகப் பொதுவாக 32 வீடுகள் வரை பகிர்ந்தளிக்கப்படுகிறது. எந்த இழை, எந்தப் பிரிப்பான், எந்த முனை, எந்த வீடு என்பதைத் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும்.

ஸ்கூடாயில் ஒரு குடும்பம் புதிய வீட்டில் குடியேறுவதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் இணையச் சேவைக்கு விண்ணப்பிக்கின்றனர். உடனே அமைப்பு, அந்த முகவரிக்கு அருகிலுள்ள இணைப்புப் பெட்டியில் காலி முனை உள்ளதா என்று பார்க்கிறது. 7ஆம் எண் முனை காலியாக உள்ளது எனப் பதிவு காட்டுகிறது. அதை அக்குடும்பத்திற்கென ஒதுக்குகிறது. தொழில்நுட்பருக்கு நாளும் நேரமும் குறிக்கிறது. அவர் வந்து மோடத்தைப் பொருத்தியதும் சேவை இயக்கப்பட வேண்டும். அன்றிலிருந்து கட்டணக் கணக்கு தொடங்க வேண்டும். தனித்தனித் தீவுகளாக இருந்த காலத்தில், இவ்வொவ்வொரு படிக்கும் ஓர் அலுவலர் ஒரு திரையில் பார்த்து மற்றொரு திரையில் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இன்று, நன்கு இணைக்கப்பட்ட அமைப்பில் இவை சங்கிலித் தொடராக நடைபெறுகின்றன.

ஆனால், தொழில்நுட்பர் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது 7ஆம் முனையில் ஏற்கெனவே வேறொரு வீட்டின் இழை செருகப்பட்டிருந்தால்? அவர் திரும்பிச் செல்ல வேண்டியதுதான். அலுவலகம் மறுபடி தேடும். புதிய நாள் குறிக்கப்படும். வேலைக்கு விடுப்பு எடுத்துக் காத்திருந்த தந்தையின் ஒரு நாள் வீணாகும். மகளின் இணைய வகுப்பு ஒரு வாரம் தள்ளிப்போகும். இத்தனைக்கும் காரணம் பதிவிலிருந்த ஒரே ஒரு பொய்.

அந்தப் பொய் எப்படி நுழைந்தது? ஒரு மழை இரவில் 3ஆம் முனை பழுதாகியிருக்கலாம். பழுது பார்க்க வந்தவர், அந்த வீட்டின் இழையை 7ஆம் முனைக்கு மாற்றிச் செருகி உடனே சேவையை மீட்டிருப்பார். அது நல்ல செயலே. பதிவைத் திருத்துவது மறுநாள் அலுவலகத்தில் செய்ய வேண்டிய தனி வேலையாக இருந்தது. மறுநாள் வேறு பத்துப் பழுதுகள் காத்திருந்தன; திருத்தம் மறந்துபோனது.

இங்கே குற்றம் அந்தத் தொழில்நுட்பருடையது என்று கூறிவிட முடியாது. பழுது பார்த்தலையும் பதிவு செய்தலையும் இரு வேறு வேலைகளாகப் பிரித்து வைத்த முறையே குறையுடையது. நல்ல மாற்றம் இத்தகைய இடத்தில்தான் தொடங்குகிறது. தொழில்நுட்பர் பெட்டியின் முன் நின்றபடியே கைப்பேசிச் செயலியில் முனையின் குறியீட்டை வருடிப் பதிவிடலாம். பதிவிட்ட பின்னரே பழுதுச் சீட்டு முடிவுற்றதாக ஏற்கப்படும். இம்முறையில் உண்மை உடனுக்குடன் பதிவாகிவிடுகிறது.

எச்சரிக்கைகளின் வெள்ளம்

கட்டுப்பாட்டு அறைக்கும் ஒருவகை வெள்ளம் வருவதுண்டு. அது எச்சரிக்கைகளின் வெள்ளம்.

முப்பது கோபுரங்களுக்குச் செல்லும் ஒரு முதன்மை வடம் அறுந்துவிட்டதாகக் கொள்வோம். ஒவ்வொரு கோபுரமும் தொடர்பு இழந்ததால் திரையில் தனித்தனியே நான்கு எச்சரிக்கைகள் தோன்றினால், சில நொடிகளில் 120 எச்சரிக்கைகள் குவிந்துவிடும். பணியில் இருப்பவர் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தால் முப்பது குழுக்களை முப்பது கோபுரங்களுக்கு அனுப்பிவிடுவார். உண்மையில் தேவைப்படுவது ஒரு குழு, ஓர் இடம்.

மேம்பட்ட அமைப்பு இந்த 120 எச்சரிக்கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. எல்லாக் கோபுரங்களும் ஒரே வடத்தை நம்பியிருப்பதைப் பதிவிலிருந்து அறிகிறது. வடம் அறுந்ததே வேர்க்காரணம். மற்றவை அதன் விளைவுகள் என்று முடிவு செய்து, ஒரே பழுதுச் சீட்டை எழுப்புகிறது.

வீடுகளிலுள்ள கண்ணாடியிழை மோடங்களும் இப்பணிக்கு உதவுகின்றன. திடீரென மின்சாரம் நின்றால், மோடம் தன்னுள் எஞ்சியிருக்கும் சிறிதளவு மின்னாற்றலைக் கொண்டு நொடிப்பொழுதில் கடைசியாக ஒரு செய்தியை அனுப்பிவிட்டு அணையும். பொறியியலாளர்கள் இதை ‘இறுதி மூச்சு’ என்று அழைக்கின்றனர். ஒரு குடியிருப்பில் முப்பது மோடங்கள் இறுதி மூச்சை அனுப்பிவிட்டு அடங்கினால், அங்கே மின்தடை ஏற்பட்டுள்ளது எனலாம். எந்தச் செய்தியும் அனுப்பாமல் முப்பதும் ஒரே நேரத்தில் மறைந்தால், இழை அறுந்திருக்க வேண்டும். முதல் நிலையில் தொழில்நுட்பரை அனுப்பிப் பயனில்லை. மின்சாரம் திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டாம் நிலையில் உடனே அனுப்ப வேண்டும். குழுக்கள் குறைவாக உள்ள வெள்ள நாளில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது.

இழை எங்கே அறுந்தது என்பதையும் தோண்டிப் பார்க்காமலே கண்டறியலாம். இணைப்பகத்திலிருந்து இழைக்குள் ஓர் ஒளித்துடிப்பை அனுப்புவர். அது அறுந்த முனையில் பட்டுத் திரும்பும். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடியில் அது திரும்பி வந்தால், போகவும் வரவும் 20 கிலோமீட்டர். அப்படியானால் பழுது 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

ஆனால், அந்தப் பத்தாவது கிலோமீட்டர் எங்கே இருக்கிறது? வடம் நேர்க்கோட்டில் செல்வதில்லை. அது சாலையோரம் வளையும், ஆற்றைக் கடக்கும், குழிகளில் சுருளாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். வடம் செல்லும் பாதை சரியாகப் பதிவாகியிருந்தால், அமைப்பு வரைபடத்தில் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டும். பதிவு தவறானால், துல்லியமான அளவீடும் குழுவைத் தவறான ஊருக்கு அழைத்துச் செல்லும்.

இரண்டு வழிகள், ஒரே பாலம்

ஜொகூரில் முதல் வெள்ளம் வந்த அடுத்த வாரம், 2006ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், தைவானின் தென்பகுதிக்கு அருகே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் தைவானுக்குத் தெற்கேயுள்ள லூசோன் நீரிணைப் பகுதியில் பல கடலடி வடங்கள் அறுந்தன. ஆசியாவின் பல நாடுகளில் இணையச் சேவை முடங்கியது அல்லது மந்தமடைந்தது. வடங்களைச் சரிசெய்யக் கப்பல்களுக்குப் பல வாரங்கள் தேவைப்பட்டன.

அறுந்த வடங்கள் வெவ்வேறு பெயர் கொண்டவை. வெவ்வேறு குழுமங்களுக்குச் சொந்தமானவை. ஒன்று அறுந்தால் மற்றொன்று இருக்கிறது என்று பலர் நம்பியிருந்தனர். ஆனால், அவை யாவும் ஒரே குறுகிய கடற்பகுதி வழியாகச் சென்றன. ஆகவே, ஒரே நிகழ்வு அனைத்தையும் தாக்கியது.

ஜொகூரின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங், இத்தகைய கடலடி வடங்கள் கரையேறும் இடங்களுள் ஒன்று. கடலுக்குப் பொருந்தும் இப்பாடம் நிலத்திற்கும் பொருந்தும். ஒரு நகரத்திற்கு இரண்டு வடங்கள் இருப்பதாகப் பட்டியல் காட்டலாம். இரண்டும் ஆற்றைக் கடக்கும்போது ஒரே பாலத்தின் அடியில் சென்றால், அந்நகரத்திற்கு உண்மையில் இருப்பது ஒரே வழிதான். வெள்ளம் பாலத்தை அடித்துச் செல்லும் முன்பே இதைக் கண்டுபிடித்துச் சொல்ல வல்லது, வடங்களின் பாதையை முழுமையாக அறிந்த ஆதரவு அமைப்பு மட்டுமே. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்னும் முதுமொழி இங்கே முற்றிலும் பொருந்துகிறது.

மாற்றுவது ஏன் கடினம்?

ஒரு கடையை ஒரு வாரம் மூடிவிட்டுப் புதுப்பிக்கலாம். தொலைத்தொடர்பு வலையமைப்பை ஒரு மணி நேரம்கூட மூட இயலாது. பழைய அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதியதைக் கொண்டுவர வேண்டும். இதனால்தான் இத்தகைய மாற்றங்கள் பல ஆண்டுகள் நீடிக்கின்றன.

மேலும், ஒரு நிறுவனம் தனித்து இயங்குவதில்லை. 2008ஆம் ஆண்டில், கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி மலேசியாவில் அறிமுகமானது. வாடிக்கையாளருக்கு இது எளிய செயல். ஆனால், அதன் பின்னால் பழைய நிறுவனம், புதிய நிறுவனம் ஆகிய இரண்டின் அமைப்புகளும் ஒத்துப்போக வேண்டும். மற்ற நிறுவனங்களும் அந்த எண் இடம்மாறியதை அறிந்திருக்க வேண்டும். இல்லையேல் அழைப்புகள் தவறான இடத்திற்குச் செல்லும். 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் செல்கோம், டிஜி ஆகிய இரு நிறுவனங்கள் இணைந்து செல்கோம்டிஜி ஆயின. இப்படி இரு நிறுவனங்கள் இணையும்போது இரண்டு வலையமைப்புகளும் இரண்டு வகைப் பதிவுகளும் ஒன்றாக வேண்டியுள்ளது. ஒரே பொருளை ஒருவர் ஒரு பெயரிலும் மற்றவர் வேறு பெயரிலும் பதிவு செய்திருப்பர். இச்சிக்கலைக் குறைக்கவே, 1988ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு இன்று டிஎம் ஃபோரம் என வழங்கும் பன்னாட்டுத் தொழில் அமைப்பு, பணிகளுக்கும் தரவுகளுக்கும் பொதுப் பெயர்களையும் வரையறைகளையும் வகுத்து வருகிறது. இது நம் நாட்டின் டிஎம் நிறுவனத்தினின்றும் வேறானது.

எனவே, மாற்றம் படிப்படியாகவே நடைபெற வேண்டும். முதலில், களத்தில் உண்மையாக இருப்பதை எண்ணிப் பார்த்து, பதிவில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். அடுத்து, தவறான தரவுகளைத் திருத்த வேண்டும். பிறகு, ஒரு சிறு வட்டாரத்தை மட்டும் புதிய அமைப்புக்கு மாற்றிப் பார்க்கலாம். பழையதும் புதியதும் சிறிது காலம் அருகருகே இயங்கி, இரண்டும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று சோதிக்க வேண்டும். தவறு நேர்ந்தால் பழையதற்குத் திரும்பும் வழியும் இருக்க வேண்டும். அதன் பின்னரே அடுத்த வட்டாரத்திற்குச் செல்லலாம்.

இப்படிகளுள் எதைத் தவிர்க்க மனம் தூண்டும்? முதலிரண்டையும்தான். எண்ணுவதும் திருத்துவதும் சலிப்பூட்டும் வேலைகள். புதிய மென்பொருளைத் திறப்பு விழாவில் காட்டலாம். திருத்தப்பட்ட பட்டியலைக் காட்ட முடியாது. ஆனால், தவறான பதிவைப் புதிய அமைப்பில் ஏற்றினால் என்ன நடக்கும்? முன்பு மெதுவாக நடந்த தவறு இப்போது விரைவாக நடக்கும். முன்பு ஓர் அலுவலர் சந்தேகப்பட்டு நிறுத்திய பணியை இப்போது கணினி தயங்காமல் முடித்துவிடும்.

இயந்திரமும் மனிதரும்

இன்றைய அமைப்புகள் செயற்கை நுண்ணறிவையும் பயன்படுத்தத் தொடங்கியுள்ளன. ஓர் இழையில் ஒளியின் வலிமை நாளுக்கு நாள் மெல்லக் குறைந்து வந்தால், இணைப்பில் நீர் கசிகிறது போலும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிகிறது. வாடிக்கையாளர் புகார் செய்யும் முன்னரே பழுதைச் சரிசெய்யலாம். பழுதுகளை வகைப்படுத்துதல், அருகிலுள்ள குழுவைத் தேர்ந்தெடுத்தல் போன்ற வேலைகளையும் கணினி செய்கிறது.

ஆயினும், சில முடிவுகள் மனிதருக்குரியவை. வெள்ள இரவில் ஒரே ஒரு ஜெனரேட்டர் மட்டும் மீதமிருக்கிறது. ஒரு கோபுரம் ஆயிரக்கணக்கானோர் வாழும் நகரத்திற்குச் சேவை வழங்குகிறது. அங்கே வேறு கோபுரங்களும் உள்ளன. மற்றொன்று சில நூறு பேர் மட்டுமே வாழும் தோட்டப்புறத்திற்கு ஒரே கோபுரம். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் அமைப்பு நகரத்தையே தேர்ந்தெடுக்கும். ஆனால், தோட்டப்புறத்தில் இருப்போருக்கு அந்தக் கோபுரத்தைத் தவிர வேறு வழியில்லை. எதற்கு முன்னுரிமை தருவது என்னும் விதியை வகுப்பவர் மனிதர். அதை வெள்ளம் வரும் முன்பே சிந்தித்து வகுத்திருக்க வேண்டும்.

அதேபோல், பெருஞ்சாலை மூழ்கினாலும் செம்பனைத் தோட்டத்தின் வழியாகச் செல்லும் மேட்டுப்பாதை மூழ்காது என்பதை அவ்வட்டாரத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் அறிவார். அவர் பணி ஓய்வு பெறும் நாளில் அந்த அறிவும் அவரோடு சென்றுவிடக் கூடாது. அவர் சொல்லக் கேட்டு, அதைப் பதிவில் சேர்ப்பதும் அமைப்பை மேம்படுத்தும் பணியே.

வெள்ளத்தில் சிக்கிய ஒருவர் 999ஐ அழுத்துகிறார். மறுமுனையில் ஒரு குரல் ஒலிக்கிறது. அக்குரல் அவரை எட்டியதற்குப் பலர் காரணம். அவர்களுள் ஒருவர், பல மாதங்களுக்கு முன் சாலையோரப் பெட்டியின் முன் நின்று, எந்த முனையில் எந்த இழை இருக்கிறது என்பதை உள்ளது உள்ளபடி பதிவிட்ட தொழில்நுட்பர். பெரிய மாற்றங்கள் அத்தகைய சிறிய நேர்மையின் மீதே நிற்கின்றன.

அருஞ்சொற்பொருள்

வலையமைப்பு – ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட கருவிகளின் தொகுதி
இணைப்பகம் – தொலைபேசி, இணைய இணைப்புகள் ஒன்றுசேரும் நிலையம்
கண்ணாடியிழை வடம் – ஒளியின் வழியே செய்தியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழைகள் கொண்ட கேபிள்
முனை – கருவியில் இழையைச் செருகும் இடம்
பழுதுச் சீட்டு – பழுதின் விவரம், பொறுப்பாளர், நிலை ஆகியவற்றைக் காட்டும் பதிவு
வேர்க்காரணம் – பல விளைவுகளுக்கு மூலமாக அமையும் காரணம்

கருத்துணர் வினாக்கள்

1. மின்சாரம் துண்டிக்கப்பட்ட பிறகு ஒரு கோபுரம் எவ்வாறு தொடர்ந்து இயங்குகிறது?
2. ‘தனித்தனித் தீவுகள்’ என்று கட்டுரையாளர் எவற்றைக் குறிப்பிடுகிறார்? அவற்றால் விளைந்த சிக்கல் யாது?
3. 7ஆம் முனை பற்றிய பதிவு தவறானதற்குத் தொழில்நுட்பரைக் குறைகூற முடியாது என்பதற்குக் கூறப்படும் காரணத்தை விளக்குக.
4. ‘இறுதி மூச்சு’ என்னும் செய்தி, பழுதின் தன்மையை அறிய எவ்வாறு உதவுகிறது?
5. ஒளித்துடிப்பு பத்தாயிரத்தில் மூன்று பங்கு நொடியில் திரும்பி வந்தால், இழை எத்தனை கிலோமீட்டர் தொலைவில் அறுந்திருக்கும்? கணக்கிடுக.
6. ஒரே ஒரு ஜெனரேட்டர் மீதமுள்ள நிலையில், அதை நகரத்திற்கு அனுப்புவீரா, தோட்டப்புறத்திற்கு அனுப்புவீரா? உமது முடிவைத் தக்க காரணங்களுடன் நிறுவுக.
7. உம் பள்ளியிலோ வீட்டிலோ பதிவுகள் சரியாக இல்லாததால் ஏற்பட்ட ஒரு சிக்கலைக் குறிப்பிட்டு, அதைத் தவிர்க்கும் வழியைச் சுமார் 80 சொற்களில் எழுதுக.